மூணே நிமிஷத்துல ஒரு ஓட்டு!

போன் அலறியது!

மத்தியானம் ஒன்று நாற்பது.

வீட்டிலேயே ஆபீஸ் வேலைக்கென்று எதிரும் புதிருமாக இரண்டு மேஜைகள் போட்ட அறை. ஒன்றில் அவன். இன்னொன்றில் ஆள் இல்லை. மனைவியின் மூக்குக்கண்ணாடிக் கூடும், அடியில் கறை காய்ந்துபோன காபிக் கோப்பையும் மட்டும் இருந்தன. மாடி வீட்டில் காலையிலிருந்து சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ட்ர்ர்ர்ர்ர்...!

பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தான்.

"என்னங்க... நான்தான். சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடறது இருக்கட்டும். தங்கச்சி வீடு போய்ச் சேர்ந்துட்டியா?"

"இல்லீங்க. பாதி வழியில சுருட்டை போன் பண்ணினான்..."

சுருட்டை!

ஆபீஸில் கூட வேலை பார்க்கிற அந்தச் சுருட்டைமுடிக்காரனின் பெயரைக் கேட்டதும் அவன் வயிறு குபீரென்று பற்றிக்கொண்டது. புதுத் தீ இல்லை அது. இரண்டு வருஷமாக அணையாமல் எரிந்துகொண்டிருப்பது.

"அவன் எதுக்கு உனக்குப் போன் பண்றான்?"

"பாவங்க. நூத்திரெண்டு ஜுரமாம். எழுந்திருக்கவே முடியலையாம்."

"நூத்திரெண்டுன்னு உனக்கெப்படித் தெரியும்? நெத்தியில கை வச்சுப் பார்த்தியா?"

"ஐயோ, அவனே சொன்னாங்க! அதுக்கும் சந்தேகமா?"

போனுக்குள்ளும் ட்ர்ர்ர்ர் என்று சத்தம் கேட்டது. காலையிலிருந்து கேட்டுக் கேட்டுக் காதே கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான்.

"விஷயத்தைக் கேளுங்க. இன்னிக்கு மூணு மணிக்கு நாலாம் ரூம்ல தீ ஒத்திகை. சுருட்டைதான் உள்ளே இருந்து சென்சாரெல்லாம் சரி பார்க்கணும். அவனால முடியாது இல்லையா... அதான் அவனுக்குப் பதிலா நானே வந்துட்டேன்."

"அவனுக்குப் பதிலா நீயா? அவன் என்ன உனக்கு..."

பொறாமைதான் முதலில் பேசியது! மூளை அரை நொடி பின்னால் வந்து சேர்ந்தது.

நாலாம் ரூம்.

மூணு மணி.

அவனுக்குப் பதிலாக... அவள்!

"எ... எங்கே இருக்கே இப்ப?"

"சர்வர் கட்டிடத்து வாசல்ல. போனை லாக்கர்ல வச்சுட்டு உள்ளே போகணும். ஒண்ணே முக்காலுக்குக் கதவு தானா பூட்டிக்கும். மூணு மணிக்கு ஒத்திகை மணி அடிச்சாத்தான் திறக்கும். மூணரைக்குக் கூப்பிடறேன். ஃப்ரிட்ஜ்ல சாப்பாடு இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க. வெறும் வயித்தோட..."

"போகாதே! இரு... நான் சொல்றதைக் கேளு..."

டொக்!

மறுபடி அடித்தான். ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் அடித்தான். ஸ்விட்ச் ஆஃப்!

இன்னும் எழுபத்தெட்டு நிமிடத்தில் அவன் மனைவி மூச்சு முட்டிச் சாகப் போகிறாள்.

கொலைகாரனைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான்!

*

ஆபீஸில் அவனைக் 'கேட்டுக்காரர்' என்பார்கள், வாசல் கேட்டில் நிற்கிற காவல்காரர் மாதிரி.

பெரிய கட்டிடங்களில் தீப்பிடித்தால் மணியடித்து, கதவுகளைக் கவனித்து, வாயுவைத் திறந்துவிட்டுத் தீயை அணைக்கிற மென்பொருள்... அதுதான் அவர்கள் பிழைப்பு. திறந்த மூல மென்பொருள்! யார் வேண்டுமானாலும் படிக்கலாம். யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். ஆனால் அனுப்பியதெல்லாம் உள்ளே போய்விடாது. வாசலில் ஒரு தானியங்கிக் காவல் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் இலவசமாகக் கிடைக்கிற திறந்த மூல மென்பொருள்தான். அதைக் கொண்டுவந்து வாசலில் உட்கார வைத்தவன் நம் கேட்டுக்காரன்.

ஆபீஸில் அந்தக் காவலுக்கு வைத்த செல்லப் பெயர், 'மாமியார்'!

ரொம்பப் பொருத்தமான பெயர். எவ்வளவு பெரிய கொம்பன் எழுதினாலும் மாமியார் முகம் கொடுக்க மாட்டாள். முதலில், எழுதினவரைத் தவிர வேறொருவர் படித்துப் பார்த்து ஓட்டுப் போட வேண்டும். ஓட்டு விழுந்தால் வரிசையில் நிற்கலாம். முன்னால் நிற்பவரெல்லாம் உள்ளே போய்விட்டதாகவே வைத்துக்கொண்டு பின்னால் நிற்பவரை மாமியார் சோதிப்பாள். பச்சை விளக்கென்றால் உள்ளே. சிவப்பென்றால் வெளியே! முன்னால் நிற்கிற ஒருவர் சிவப்பு வாங்கிவிட்டால், பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் சோதனை முதலிலிருந்து ஆரம்பம்.

ஓட்டுரிமை மூன்றே பேருக்கு. அவன், அவன் மனைவி, சுருட்டை.

வினையே அங்கேதான்!

மனைவி ஒரு திருத்தம் அனுப்பினால் மூன்றே நிமிடத்தில் சுருட்டையின் ஓட்டு விழும். கேட்டுக்காரன் அனுப்பினால்?

மூன்று நாள்!

ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. இரண்டு வருஷமாக அப்படித்தான். மேஜை இழுப்பறையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துத் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தான். அவளுக்கு மூணு நிமிஷம், எனக்கு மூணு நாள். அவளுக்கு ரெண்டு நிமிஷம், எனக்கு நாலு நாள்!

போதாததற்கு, அவள் எழுதியது ஒன்றுகூட இதுவரை சிவப்பு வாங்கியதில்லை. மாமியாருக்கும் அவளைத்தான் பிடித்திருக்கிறது! அவள் திறமையைப் பார்த்து வயிறெரிந்தான். சுருட்டையின் அடர்த்தியான தலைமுடியைப் பார்த்து வயிறெரிந்தான். தன் நடுமண்டையைத் தடவிப் பார்த்து இன்னும் கொஞ்சம் எரிந்தான். அவன் இவளை 'அக்கா, அக்கா' என்று கூப்பிடுவதைக் கேட்டால் ஊரையே கொளுத்தலாம் போலிருக்கும்.

அக்காவாம், அக்கா!

இரண்டு வாரம் முன்னால் முடிவு கட்டினான்.

சுருட்டை சாக வேண்டும்.

வழி ரொம்பச் சுலபம். தீ அணைக்கிற வாயு அறைக்குள் பாய்ந்தால் தீக்கும் மூச்சு இல்லை, ஆளுக்கும் மூச்சு இல்லை. இரண்டே நிமிடம். அதனால்தான் மென்பொருளில் ஒரு வரி இருக்கிறது. 'இது ஒத்திகை என்றால் கதவைத் திற, வாயுவைத் திறக்காதே.' அந்த ஒரு வரியை நாலாம் ரூமுக்கு மட்டும் எடுத்துவிட்டால்...?

எடுத்துவிட்டான்!

நானூறு வரித் திருத்தம். முக்கால்வாசி, வரிகளுக்கு நடுவே இடைவெளியைச் சரிசெய்கிற வெட்டி வேலை. அதற்கு நடுவில் அந்த ஒரு வரி காணாமல் போயிருந்தது. அந்த ரூமுக்கான சோதனையை எழுதியவனும் அவன்தான் என்பதால் அதையும் மெல்லத் தளர்த்தி வைத்தான். யார் படிக்கப் போகிறார்கள்? வழக்கம்போல மூன்று நாள் கழித்துச் சுருட்டையின் ஓட்டு விழுந்தது. பச்சை விளக்கு எரிந்தது. தன் சாவுக்குத் தானே ஓட்டுப் போட்டிருக்கிறானே என்று அன்றைக்கு ராத்திரி போர்வைக்குள் சிரித்தான் கேட்டுக்காரன்.

இன்றைக்கு அந்த ரூமுக்குள் அவன் மனைவி!

*

ஒன்று நாற்பத்தாறு.

சர்வர் கட்டிடம் இரண்டு மணி நேரப் பயணம். பறந்தால்கூடப் போய்ச் சேர முடியாது. அங்கே காவலுக்கும் ஆள் கிடையாது. ஆளே இல்லாமல் இயங்குகிற கட்டிடம் என்பதுதான் அதன் பெருமை.

ஒரே வழி. எடுத்த வரியைத் திரும்ப வைக்க வேண்டும்!

அவசர அவசரமாக அடித்தான். ஒரே ஒரு வரி. அனுப்பினான்.

மாமியார் உடனே திருப்பி அனுப்பினாள்.

'காரணம் எழுதப்படவில்லை. ஏற்க இயலாது.'

"அடச்சே!"

அவனே வைத்த சட்டம் அது. ஏன் என்று எழுதாத திருத்தத்தை வாசலிலேயே நிறுத்து என்று மாமியாருக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். 'கை தவறி நீங்கிய வரி திரும்பச் சேர்க்கப்படுகிறது' என்று எழுதி மறுபடி அனுப்பினான். இந்தத் தடவை மாமியார் ஏற்றுக்கொண்டாள்.

'ஓட்டுக்காகக் காத்திருக்கிறது.'

மனைவி ரூமுக்குள். தன் திருத்தத்துக்குத் தானே ஓட்டுப் போட முடியாது. மீதி இருப்பவன் ஒருத்தன்தான்.

அவன் நம்பரைத் தேடினான். 'சனியன்' என்று பதிந்து வைத்திருந்தான். அழுத்தினான்.

"ஹலோ... சார்... லொக் லொக்... நீங்களா போன் பண்றது? ஆச்சரியமா இருக்கு."

"தம்பி, எப்படிப்பா இருக்கே? ஜுரம்னு கேள்விப்பட்டேன்."

தம்பியாம்! சொன்ன வாய்க்கே கூசியது.

"தலையைத் தூக்க முடியல சார்."

"சின்ன உதவிப்பா. இப்ப ஒரு திருத்தம் அனுப்பியிருக்கேன். ஒரே வரி. ஓட்டுப் போட்டுடறியா?"

"கண்டிப்பா சார். வரிசைப்படி பார்த்துடறேன். உங்களோடது பத்தொன்பதாவது. மூணு நாள்ல..."

"மூணு நாளா? இப்பவே வேணும்ப்பா!"

"ஏன் சார், ஏதாவது அவசரமா?"

"அ... அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல. கை தவறி ஒரு வரி போயிடுச்சு. அதைத் திரும்ப வைக்கணும்."

"கை தவறினதுதானே? அப்ப நாளைக்குப் பார்க்கலாம் சார். மாத்திரை போட்டிருக்கேன், கண்ணைச் சொருகுது."

வைத்துவிட்டான்!

கேட்டுக்காரன் போனைச் சுவரில் எறியப் போய், கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டான். இது உடைந்தால் எதிலிருந்து கூப்பிடுவது?

*

ஒன்று ஐம்பத்தெட்டு.

அவசரச் சாவி!

முன்பெல்லாம் மாமியாரைத் தாண்டிக் குதிக்க ஒரு வழி இருந்தது. ஆபத்து நேரத்தில் ஓட்டில்லாமல், சோதனையில்லாமல் ஒரு திருத்தத்தை நேராக உள்ளே தள்ளலாம். அந்தச் சாவி மூன்று பேரிடமும் இருந்தது.

இப்போது யாரிடமும் இல்லை. யார் பிடுங்கினது?

இவனேதான்! ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மனைவியின் திருத்தம் ஒன்றை அவசரமென்று சுருட்டை சாவி போட்டு உள்ளே தள்ளினான். அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை நம்மாள். 'ஒழுங்குமுறை' என்று பெரிய கடிதம் எழுதி, எல்லோருடைய சாவியையும் ரத்து செய்தான். யாரும் குறை சொல்லக் கூடாதே என்று தன்னுடையதையும் சேர்த்து!

அன்றைக்கு மனைவி கேட்டாள்.

"நாளைக்கு நமக்கே ஒரு ஆபத்துன்னா என்னங்க பண்றது?"

"நமக்கென்ன ஆபத்து வரப் போகுது?" என்றான் அவன்.

இரண்டு ஐந்து. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தான்.

"சொல்லுங்க, எங்கே தீ?"

"தீ இல்லீங்க. சர்வர் கட்டிடத்துல ஒருத்தர் மாட்டிக்கிட்டிருக்காங்க. மூணு மணிக்கு விஷவாயு மாதிரி... உள்ளே பாயும்."

"மூணு மணிக்குப் பாயும்னா... இன்னும் பாயலையா?"

"இல்ல."

"பாயும்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

எப்படித் தெரியும்! எப்படித் தெரியும்!

"ஹலோ? பேரு என்ன சார்? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வைத்துவிட்டான். பெண்டாட்டி உயிரைவிடத் தன் கழுத்துதான் அந்த நிமிடம் அவனுக்குப் பெரிதாக இருந்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும். சும்மா பூசி மெழுகக் கூடாது.

இரண்டு பத்து. மனைவியின் மேஜைக்கு ஓடினான். அவள் பெயரில் நுழைந்து அவள் ஓட்டைப் போட்டுவிட்டால்? கடவுச்சொல்லாகக் கல்யாணத் தேதியைப் போட்டான். தவறு. தன் பெயரைப் போட்டான். தவறு. உள்ளே ஒரு முள் குத்த, சுருட்டையின் பெயரைப் போட்டுப் பார்த்தான்.

தவறு!

அந்த நிலைமையிலும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு வந்தது. இப்படியும் ஒரு ஜென்மம்!

நாலாவதாக அவர்கள் முதன்முதலில் வாங்கின ஸ்கூட்டரின் எண்ணைப் போட்டான். திறந்தது. 'உங்கள் போனுக்கு அனுப்பிய ஆறு எண்களை இடவும்' என்றது திரை.

அவள் போன் லாக்கரில்!

*

இரண்டு இருபத்திரண்டு.

"தம்பி! வைக்காதே! தயவு செஞ்சு வைக்காதேப்பா!"

"சார், இப்பத்தான் கண்ணசந்தேன்..."

"அந்த ஒரு வரிக்கு ஓட்டுப் போடு. கால்ல விழறேன்."

 எதிர்முனையில் கீபோர்டு தட்டுகிற ஓசை.

"பார்க்கறேன் சார்... ம்... இந்த வரியை எடுத்ததே நீங்கதானே? போன வாரம் உள்ளே போன நானூறு வரித் திருத்தத்துல?"

"ஆமாம்ப்பா. கை தவறிடுச்சு."

"கை தவறினா நாலஞ்சு வரி சேர்ந்து போகும். இது கரெக்டா அந்த ஒரு வரி. அதுவும் நாலாம் ரூமுக்கு மட்டும். அது எப்படி சார்?"

"இப்ப அதுவா முக்கியம்? உங்க அக்கா உள்ளே இருக்கா!"

"அக்கா ஒத்திகைக்குத்தானே சார் போயிருக்காங்க? ஒத்திகையில என்ன ஆபத்து?"

அவன் நெற்றியிலிருந்து வியர்வை கீபோர்டில் சொட்டியது.

"சொல்லுங்க சார். ஆபத்து இருக்கா?"

"...இருக்கு."

"என்ன ஆபத்து?"

"சொல்றேன். ஓட்டைப் போடு, அப்புறம் சொல்றேன்."

"போன்ல வேண்டாம் சார். காரணத்தைத் திருத்தத்துலயே எழுதுங்க. 'உண்மையான காரணம் இல்லாம ஓட்டு இல்லை'... நீங்க போட்ட சட்டம்தானே? எனக்கு எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கீங்க!"

"டேய்... அதை உலகமே படிக்கும்டா!"

"ஆமாம் சார். திறந்த மூலம் இல்லையா?"

கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு இருபத்தைந்து. மாமியாரின் சோதனைக்கே இருபத்திரண்டு நிமிடம் வேண்டும்!

எதிர் மேஜையில் அந்தக் காபிக் கோப்பை. காலையில் கிளம்பும்போது, "வந்து கழுவிக்கறேன், நீங்க தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைப் பார்த்ததும் அவனுக்குள் எதுவோ உடைந்தது. ஓவென்று அழுதுகொண்டே அடித்தான்.

'இந்த வரியை எடுத்தது நான்.
கை தவறி இல்லை, வேண்டுமென்றே.
ஒத்திகையில் சுருட்டையைக் கொல்ல எடுத்தேன்.
பொறாமையைத் தவிர வேறு காரணம் இல்லை.
இப்போது உள்ளே இருப்பது என் மனைவி.
ஓட்டுப் போடு.'

இரண்டு இருபத்தெட்டு. அனுப்பினான்.

இரண்டு முப்பத்தொன்று. ஓட்டு விழுந்தது!

*

திரையில் சோதனை வரிசை. இரண்டே பேர்தான்.

முதலில் மனைவியின் பெயரில் ஏதோ ஒரு சின்னத் திருத்தம் நின்றிருந்தது. பின்னால் இவனுடையது. மாமியார் சோதிக்க ஆரம்பித்தாள். 'மீதம்: 22 நிமிடம்.' அப்படியானால் இரண்டு ஐம்பத்து மூன்று. தப்பித்துவிடுவாள்!

முன்னால் நிற்பது மனைவியின் திருத்தம். அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். அவள் எழுதியது என்றைக்குச் சிவப்பு வாங்கியிருக்கிறது?

இரண்டு முப்பத்தேழு.

வாங்கியது!

மனைவியின் பெயருக்குப் பக்கத்தில் பளிச்சென்று சிவப்பு விளக்கு! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக!

ஒரு நொடி... ஒரே ஒரு நொடி... கேட்டுக்காரனின் உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது.

'நீயும் தோத்தியா!'

அடுத்த நொடி உறைத்தது. முன்னால் நின்றவள் தோற்றால் பின்னால் நிற்பவனுக்கு முதலிலிருந்து சோதனை!

'மீதம்: 22 நிமிடம்.'

இரண்டு ஐம்பத்தொன்பது!

"ஐயோ... மாமியாரே... தாயே... சீக்கிரம்! சீக்கிரம்!"

ஒரு மென்பொருளைக் கையெடுத்துக் கும்பிட்டான். இருபது நிமிடம். பதினைந்து. மாடியில் துளை போடுகிற சத்தம் எப்போது நின்றதென்று அவன் கவனிக்கவில்லை. பத்து. நாலு. நகத்தைக் கடித்துக் கடித்து ஒரு விரலில் ரத்தமே வந்துவிட்டது. ஒன்று...

பச்சை!

'ஏற்கப்பட்டது. எல்லாக் கட்டிடங்களுக்கும் அனுப்பப்பட்டது. 2:59:20.'

மேஜையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினான். சுவர்க் கடிகாரம் மூன்றைத் தொட்டது. பிழைத்துவிட்டாள். அவள் பிழைத்துவிட்டாள்!

டிங் டாங்!

வாசல் மணி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தான்.

மனைவி நின்றிருந்தாள்!

முடியில் வெள்ளைச் சுவர்த்தூள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண் இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ்காரர்கள், ஜுரமும் இல்லாமல் ஒரு மண்ணும் இல்லாமல் திடகாத்திரமாகச் சுருட்டை!

"நீ... நீ... நாலாம் ரூம்..."

"மாடி வீட்டுல இருந்தேங்க. காலையிலிருந்து," என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் காதைக் குடைந்துகொண்டே உள்ளே வந்தாள்.

"அந்தத் துளை போடற சத்தத்துல உட்கார்ந்து எனக்கு மண்டையே பிளந்துடுச்சு. தலைவலி மாத்திரை ரெண்டு முழுங்கியாச்சு. இந்தச் செலவையும் உங்க கணக்குலதான் எழுதணும் மிஸ்டர் கேட்டுக்காரர்!"

"எ... எதுக்கு வந்திருக்கீங்க? என்ன ஆதாரம்..."

"ஆதாரமா? இப்பத்தானே உலகம் பூரா அனுப்பி வச்சீங்க?" கையிலிருந்த காகிதத்தை ஆட்டினாள். "போன வாரம் இவங்க ரெண்டு பேரும் நானூறு வரியைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்தப்ப எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. புரிஞ்சதும் ஒண்ணு தெரிஞ்சது. பிடிச்சா, 'கை தவறிடுச்சு'ம்பீங்க. கேஸ் நிக்காது. நீங்களே உங்க கையால எழுதினாத்தான் உண்டு."

"தெரிஞ்சுமா அந்த நானூறு வரியை உள்ளே விட்டீங்க?"

"நாலாம் ரூமோட வாயு வால்வை நாங்க முதல்ல மூடிட்டுத்தான் இந்தத் தம்பியை அதுக்கு ஓட்டுப் போடச் சொன்னோம். வால்வு சாவி என் பையில இருக்கு. அந்த ரூமுக்குள்ள இன்னிக்கு ஒரு ஈ கூடக் கிடையாது."

கேட்டுக்காரன் மனைவியைப் பார்த்தான்.

"என்னை... ஏமாத்திட்டே."

"ஏமாத்தினேன். ரெண்டே காலுக்கு என் பேர்ல ஒரு திருத்தம் வரிசையில வந்து நின்னுதே, பூட்டின ரூமுக்குள்ள இருக்கறவ எப்படி அனுப்புவான்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை.

"வேணும்னேதான் தப்பா எழுதினேன், உயிர் போற நேரத்துலயும் நான் தோத்தா சந்தோஷப்படுவீங்களான்னு. அது சிவப்பு வாங்கினப்போ..." அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "சிரிச்சீங்களா?"

அவன் தலை குனிந்தது.

"சிரிச்சிருப்பீங்க. எனக்குத் தெரியும்."

"ஆனா... ஆனா உன்னைக் காப்பாத்தினேன் இல்ல? எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு..."

"காப்பாத்தினீங்க. நான் உள்ளே இருக்கேன்னு ஒண்ணு நாப்பதுக்கு உங்களுக்குத் தெரியும். உண்மையை எழுதினது ரெண்டு இருபத்தெட்டுக்கு. நாப்பத்தெட்டு நிமிஷம் என்னங்க யோசிச்சுக்கிட்டிருந்தீங்க?"

 அவள் தன் மேஜைக்குப் போய்க் கண்ணாடிக் கூட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். காபிக் கோப்பையைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, கழுவாமல் அங்கேயே வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

க்ளிக்! கையில் விலங்கு ஏறியது.

"நடங்க சார்."

நடந்தான். வாசற்படியில் நின்றான். இரண்டு வருஷத்து எரிச்சலை அடக்க முடியவில்லை. திரும்பிச் சுருட்டையை முறைத்தான்.

"ஜெயிலுக்குத்தான் போகப் போறேன். உண்மையைச் சொல்லுடா. அவ அனுப்பினா மூணு நிமிஷத்துல ஓட்டு. நான் அனுப்பினா மூணு நாள். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன?"

சுருட்டை ஒன்றும் புரியாமல் விழித்தான். அப்புறம் தலையைச் சொறிந்தான்.

"அக்கா பத்து வரிதான் சார் எழுதுவாங்க. படிக்க மூணு நிமிஷம் போதும். நீங்க ஒவ்வொரு தடவையும் நானூறு வரி அனுப்புவீங்க. ஒரு வரி விடாமப் படிச்சாத்தான் எனக்கு ஓட்டுப் போட மனசு வரும். மூணு நாள் ஆகுது சார்! அப்படிப் படிச்சதாலதான் அந்த ஒரு வரி காணோம்னு கண்டுபிடிச்சேன், உயிரோட நிக்கறேன்."

அவ்வளவுதானா?

இரண்டு வருஷம், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கொலைத் திட்டம்... எல்லாம் பத்து வரிக்கும் நானூறு வரிக்கும் உள்ள வித்தியாசம்தானா?

அப்போதும் மனசு ஆறவில்லை கேட்டுக்காரனுக்கு!

"அப்ப இன்னிக்கு மட்டும் எனக்கு எப்படிடா மூணே நிமிஷத்துல போட்டே?"

சுருட்டை பல்லைக் காட்டினான்.

"இன்னிக்குத்தானே சார்... வாழ்க்கையில முதல் தடவையா ஆறே வரியில எழுதியிருக்கீங்க!"